உவந்து செய்யும் தொழில்

(நத்தத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஓர் இலக்கிய வட்டத்தின் வாழ்வில் பத்தாண்டு என்பது சிறிய காலம் அன்று. கூடிக் கவிதை படித்தும், படித்ததை ஆய்ந்தும், இளையோரைத் தட்டிக்கொடுத்தும் நடந்த இப்பயணத்தில் ஊதியம் பெற்றவர் எவரும் இவ்வவையில் இரார். கைப்பணம் செலவிட்டவர் பலர் இருப்பர். ஆதலின் இவ்வவையின் முன் வைப்பதற்கு ஒரு வினா பொருத்தமாகத் தோன்றுகிறது. தொழில்நுட்பத் துறையைத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் ஊதியத்தை நோக்கித் தேர்வதா, உவப்பை நோக்கித் தேர்வதா என்பதே அவ்வினா. கவிஞர் கூடிய அவையில் கணினித் தொழிலைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் ஐயுறலாம். ஊதியத்தை எதிர்பாராமல் ஒன்றைச் செய்வது எத்தகையது என்பதைப் பட்டறிந்தவர்கள் கவிஞர்களே. அவர்கள் விடை கூறாவிடின் வேறு எவர் கூறுவர்?

வினா எழுந்த களம்

நத்தம் மாவுக்கும் புளிக்கும் பெயர்பெற்ற ஊர். தைத்த சட்டைகளைப் பல ஊர்களுக்கும் அனுப்பும் ஊர். மண்ணை நம்பியும் தையல் இயந்திரத்தை நம்பியும் வாழும் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாள் ஒரு பெரிய நாள். அடுத்து என்ன படிக்க வைப்பது என்ற பேச்சு அன்றே தொடங்கிவிடும். எந்தப் படிப்பு எவ்வளவு சம்பளம் தரும் என்பதே அப்பேச்சின் முதல் வரியாக அமையும். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பது கடைசி வரியாகக்கூட அமைவதில்லை.

தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டு முதல் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றலாயின. பின்னாளில் அவற்றின் தொகை ஐந்நூறைக் கடந்தது. முன்னர் நகரத்தார்க்கும் வசதி படைத்தோர்க்கும் மட்டுமே எட்டிய பொறியியற் கல்வி சிற்றூர்களுக்கும் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற பெருமையோடு பல்லாயிரவர் வெளிவந்தனர். இந்நன்மையை மறுத்தல் இயலாது. எனினும் அக்கல்வியைச் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு முடிச்சிட்டுப் பார்க்கும் பழக்கமும் உடன் வளர்ந்தது. ஓராண்டில் மின்னணுவியல், மற்றோர் ஆண்டில் கணினி அறிவியல், பிறிதோர் ஆண்டில் செயற்கை நுண்ணறிவு என விருப்பம் அலைந்தது. 2001இல் இணைய நிறுவனங்களின் வீழ்ச்சியும் 2008இல் உலகப் பொருளாதார நெருக்கடியும் வந்தபோது, ஊதியத்துக்காகவே வந்தவர்கள் ஊன்றுகோல் இழந்தவரைப் போலத் திகைத்தனர். துறையின் மீது அன்பு கொண்டோரும் அக்காலத்தில் துன்புற்றனர். ஆயினும் அவர்களிடம் வேலை போன பின்னரும் கலை எஞ்சியிருந்தது.

இவ்வினாவுக்கு விடை காண முற்படுவோர் அயல்நாட்டு அறிஞரை முதலில் நாட வேண்டுவதில்லை. தமிழ் எழுத்து கணினிக்குள் புகுந்த வரலாறே போதிய சான்றாகும். அவ்வரலாற்றுக்கு முன்னோட்டமாகச் சங்க காலத்தை ஒருமுறை நோக்குதல் தகும்.

தொழிற்பெயர் தாங்கிய புலவர்கள்

சங்கப் புலவர் பெயர்களில் அவர்தம் தொழில் ஒட்டியிருத்தலைத் தமிழ் பயின்றோர் அறிவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன் உருக்கியவர். கணியன் பூங்குன்றனார் கோள்நிலை கணித்தவர். இவர்கள் துணியாலும் கூலத்தாலும் பொன்னாலும் வயிறு வளர்த்தனர். பாட்டால் உள்ளம் வளர்த்தனர். பாட்டுக்காகத் தொழிலைத் துறந்தாரல்லர். தொழிலுக்காகப் பாட்டையும் துறந்தாரல்லர். பிற்காலத்தார் அவர்களை நினைக்கும்போது இரண்டையும் சேர்த்தே பெயராக வழங்கினர்.

பரிசில் பெற்று வாழ்ந்த புலவரிடத்தும் ஒரு நுட்பம் உண்டு. பெருஞ்சித்திரனார் வறுமையில் உழன்றவர். அவர் அதியமானை நாடிச் சென்றபோது, அம்மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம் புலமையை அறிந்து மதித்துத் தருவது சிறிதாயினும் கொள்வேன், விலைபேசும் வணிகனைப் போலப் பெற்றுச் செல்லேன் என்ற கருத்துப்படப் பாடினார். அதே புலவர் குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்று மீண்டபோது, உறவினர்க்கும் அயலார்க்கும் கடன் தந்து உதவியவர்க்கும் வேறுபாடின்றி வழங்குமாறு தம் மனைவியிடம் கூறினார். இவ்விரண்டு பாட்டும் புறநானூற்றில் உள்ளன. பரிசில் அவருக்குத் தேவையாக இருந்தது. எனினும் அவர் பாடியது பரிசிலுக்காக மட்டும் அன்று. பெற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவும் அவர் எண்ணவில்லை. ஊதியம், உவகை, ஈகை என்னும் மூன்றும் ஒருவரிடத்தே முறைப்பட நிற்கும் நிலை இது. இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் தோன்றிய களம்தான் தமிழ்க் கணினி.

எழுத்துக்கு இடம் தேடிய காலம்

கணினி ஆங்கிலத்துக்காகச் சமைக்கப்பட்ட கருவி. அக்காலக் கணினியில் ஓர் எழுத்துரு 256 இடங்களைக் கொண்டிருந்தது. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளும் அடங்க வேண்டும். காலும் கொம்பும் சுழியும் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டால் பெரும்பாலான உயிர்மெய்கள் சேர்ந்துவிடும். ஆனால் கு, டு, மு, லு என உகர வரிசையும் அதன் நெடில் வரிசையும் எழுத்துக்கு எழுத்து வேறு வேறு வடிவம் கொண்டவை; இவை 36க்கும் தனி இடம் வேண்டும். கொ, கோ, கௌ என்பவற்றில் மெய்க்கு முன்னும் பின்னும் குறி நிற்கும். ஒலிப்பில் பின்வரும் உயிர், எழுத்தில் முன்வருவதைக் கணினிக்கு உணர்த்துதல் எளிதன்று. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை, றா, னா முதலியவற்றின் பழைய தனிவடிவங்களை நீக்கியிருந்தமை இவ்விடத்தில் பெருந்துணை ஆயிற்று.

எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றவாறு எழுத்துகளை அடுக்கினர். ஆதலின் ஒருவர் தட்டெழுதிய கட்டுரை மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. கவிஞர் ஒருவர் வெளிநாட்டு நண்பர்க்கு அனுப்பிய கவிதை, அங்கே படிக்க முடியாத கோலமாகச் சேர்ந்த காலம் அது. இக்குறையைத் தீர்ப்பதில் பெருநிறுவனங்களுக்கு அன்று ஆர்வம் இல்லை. அதில் இலாபம் தெரியவில்லை. இவ்வாறு வணிகம் விட்டுவைத்த இடத்தில் ஆர்வலர்கள் வந்து நின்றனர்.

தமிழாசிரியர் ஒருவர்

சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி (1946-1999) சிறுகதையாசிரியர். அந்நாட்டின் தேசியக் கல்விக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். பொறியியல் அவர் பயின்ற துறையன்று. தமிழ் கற்பிக்கும் பணியினிடையே கணினியில் ஈடுபாடு கொண்டு, அதனைத் தாமே கற்று, தமிழ் உள்ளீட்டு மென்பொருளை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கணியன்'. பூங்குன்றனாரின் பெயர் இவ்வாறு கணினிக்குள் வந்தது. அப்பூங்குன்றம், அண்டை மாவட்டமான சிவகங்கையின் மகிபாலன்பட்டியே என்பது அறிஞர் கருத்து. நத்தத்தார்க்கு அது தொலைவன்று.

தான் டின் வீ என்பவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர், தமிழரல்லர். அவரும் கோவிந்தசாமியும் இணைந்து உழைத்தனர். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏற்றப்பட்டன. தமிழ்க் கவிதையும் அவற்றுள் ஒன்றாக நின்றது. இணையத்தில் தமிழ் கால் பதித்த தொடக்க நாள்களில் அது கவிதையின் காலாக இருந்தது என்பதைக் கவிஞர்கள் பெருமிதத்தோடு நினைக்கலாம். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணையத்துக்கென முதல் மாநாடு கூடியதிலும் கோவிந்தசாமியின் பங்கு பெரிது. 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்து, 'தமிழ்99' விசைப்பலகைக்கு வழி வகுக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அவர் மறைந்தார். தாம் விதைத்தது கைப்பேசிதோறும் விளைந்ததைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை.

அவரைச் செலுத்தியது ஊதியமாயின், விரிவுரையாளர் சம்பளத்தோடு அவர் நின்றிருக்கலாம். கற்பிக்கும் மொழி புதிய கருவியில் இல்லையே என்ற ஏக்கமும், அதனைத் தாமே அமைத்துப் பார்க்கும் இன்பமுமே அவரைச் செலுத்தின எனக் கருதுதல் பொருந்தும்.

வேதியியல் அறிஞர் ஒருவர்

முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஒளிவேதியியல் ஆய்வில் புகழ்பெற்றவர். அவர்தம் ஊதியம் ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்தது. தமிழ்ப்பணி ஓய்வு நேரத்தில் நடந்தது. 'மயிலை' என்னும் எழுத்துருவை வடித்து விலையின்றி வழங்கினார். எழுத்துருக்கள் ஒன்றோடொன்று பேசாத குழப்பத்தை நீக்கப் பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே வாதிட்டு வகுத்த பொதுக்குறியீட்டு முயற்சியிலும் அவர் முன்னின்றார்.

1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் அவர் 'மதுரைத் திட்டம்' என்பதனைத் தொடங்கினார். சங்கம் வளர்த்த நகரின் பெயரைத் தாங்கிய இத்திட்டத்தில், அமெரிக்காவில் வாழும் முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் துணைத்தலைவராகத் தோள் கொடுத்தார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டெழுத, வேறு சிலர் மெய்ப்புத் திருத்த, நூல்கள் இலவசமாக இணையத்தில் ஏறின. சங்க இலக்கியம், காப்பியங்கள், திருமுறைகள், சிற்றிலக்கியங்கள், இக்காலப் புனைகதை என ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இன்று அங்கே உள்ளன. நூலகத்துக்குப் பேருந்து ஏறிச் செல்ல வேண்டியிருந்த ஆய்வு மாணவர் இன்று தம் வீட்டில் இருந்தே பதிற்றுப்பத்தைத் திறந்து பார்க்கிறார். அதன் ஒவ்வோர் அடியையும் யாரோ ஒருவர் அலுவலகம் முடிந்து வந்த இரவில் தட்டெழுதினார் என்பதை அவர் அறியார். கூலியின்றிச் செய்த அவ்வேலையைச் செய்தவர் சுமையாகக் கருதியிருப்பின் இத்திட்டம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்திராது.

பழுது நீக்குபவர் ஒருவர்

மூன்றாமவர் அதிராம்பட்டினத்தின் உமர்தம்பி (1953-2006). அவர் பட்டம் பெற்றது விலங்கியலில். வாழ்ந்தது மின்னணுக் கருவிகளைப் பழுது நீக்கும் தொழிலில். துபாயிலும் அத்தொழிலே அவர்க்குச் சோறிட்டது. கணினியை அவர் எக்கல்லூரியிலும் முறையாகப் பயின்றாரில்லை; திறந்து பார்த்தும் பிரித்துப் பார்த்தும் பழகிய கை, கணினியையும் அவ்வாறே கற்றது.

அந்நாளில் ஓர் இணையத்தளத்தைப் படிக்க வேண்டுமாயின், அதற்குரிய எழுத்துருவைப் படிப்பவர் தம் கணினியில் முன்னரே நிறுவியிருக்க வேண்டும். கணினிக் கடைகளில் அமர்ந்து படிப்போர்க்கு இது இயலாத செயல். பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து சேரும் முறையில் உமர்தம்பி தம் 'தேனீ' எழுத்துருவை அமைத்தார். பின்னர் ஒருங்குறிக்கேற்ற எழுத்துருக்களையும், எழுத்துமாற்றிகளையும், அகரமுதலிக் கருவிகளையும் ஆக்கினார். அனைத்தையும் விலையின்றித் தந்தார். தேனீ என்னும் பெயர் தற்செயலாக வாய்த்திருப்பினும், அவரது வாழ்வுக்கு அதனினும் ஏற்ற பெயர் கிட்டாது. 2010இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை.

கோவிந்தசாமி பேராசிரியப் பணியில் இருந்தவர். கல்யாணசுந்தரம் உலகறிந்த ஆய்வறிஞர். உமர்தம்பிக்கு அத்தகைய அடைக்கலம் இல்லை. கைத்தொழிலால் பிழைத்த ஒருவர் செய்த ஈகை அது. ஆதலின் உவந்து செய்தல் என்பது வசதியுள்ளோர்க்கே உரியது என்ற கூற்றுக்கு அவர் வாழ்வு ஒரு மறுப்பாக நிற்கிறது.

உவகையே தொழிலாதல்

உவப்பான பணி எப்போதும் ஊதியத்துக்குப் புறத்தேதான் நிற்க வேண்டும் என்பதில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் இதற்குச் சான்று. அவர்தம் தந்தையார் முரசு நெடுமாறன் கவிஞர். மலேசியத் தமிழ்க் கவிதைகளைப் பெருங்களஞ்சியமாகத் தொகுத்தவர். மைந்தர் 1985ஆம் ஆண்டளவில் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். அது 'முரசு அஞ்சல்' என வளர்ந்தது. 2005இல் 'செல்லினம்' வழியே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழி பிறந்தது. அவர் வடித்த 'இணைமதி' ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. தொடக்கத்தில் ஆர்வமாக இருந்தது காலப்போக்கில் தொழிலாகவும் அமைந்தது. இங்கே உவகை முந்தியது. ஊதியம் பின்னர் வந்தது. இவ்வரிசை மாறாதிருந்தால், செய்த பணிக்கு விலை பெறுதலில் இழுக்கு ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து அமீரகத்தில் கட்டடக்கலைஞராகப் பணியாற்றிய இ. மயூரநாதன் வேறொரு வழியைக் காட்டினார். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டு, அதில் பல்லாயிரம் கட்டுரைகளைத் தாமே எழுதினார். பகலில் கட்டடம், இரவில் கலைக்களஞ்சியம் என அவர் நாள்கள் கழிந்தன. இன்று அக்களஞ்சியத்தின் கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டன. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவர்க்கு வழங்கியது. இலக்கியவாதிகளுக்கு உரிய விருது ஒரு களஞ்சியப் பணியாளரை நாடிச் சென்றமை, அப்பணியும் இலக்கியப் பணியே என்பதற்குக் கிடைத்த ஒப்புதலாகும்.

இப்பண்பு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு குனுத் தம் பெருநூலின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகளை 1977இல் கண்டு, எழுத்தின் அழகு கெட்டதே என வருந்தினார். எழுதிக்கொண்டிருந்த நூலை நிறுத்திவிட்டு, அழகாக அச்சுக்கோக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கப் புகுந்தார். விரைவில் முடியும் என எண்ணிய அப்பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. முடித்ததை உலகுக்கு இலவசமாகத் தந்தார். கணித நூல்கள் பல இன்றும் அதனால்தான் அச்சேறுகின்றன. பின்லாந்தின் மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகின் வழங்கிகளையும் கைப்பேசிகளையும் இயக்குகிறது. ஒரு சொல் சரியாக அமையாமைக்காக ஒரு பாட்டை மாதக்கணக்கில் கிடப்பில் போடும் கவிஞர்க்குக் குனுத்தின் பத்தாண்டு வியப்பளிக்காது.

பூட்டுக்கு மறுபக்கம்

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, ஊதியம் அற்பமானது என எவரும் முடிவு செய்துவிடலாகாது. திண்டுக்கல் மண்ணிலேயே அதற்கு மாற்றான பாடம் ஒன்று இருக்கிறது.

திண்டுக்கல் பூட்டு உலகறிந்தது. பூட்டுக்குப் பூட்டு உள்ளமைப்பை மாற்றி, நெம்புகளைக் கையால் அராவிப் பொருத்தி, ஒன்றின் சாவி மற்றொன்றில் சேராதவாறு ஆக்கும் அக்கைத்திறன் தொழில்நுட்பமே. பொறியியல் என்ற சொல் இவ்வட்டாரத்துக்கு வருவதற்கு முன்னரே இங்கே வாழ்ந்த பொறியியல். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அக்கைவினைஞர் தொகை அதற்கு முன்னரே தேய்ந்துவிட்டது. இயந்திரத்தில் மலிவாகப் பெருகிய வடநாட்டுப் பூட்டுகளோடு கைப்பூட்டு விலையில் போட்டியிட முடியவில்லை. கூலி குடும்பத்துக்குப் போதவில்லை. தந்தையின் விரல் அறிந்த நுட்பத்தைக் கற்க மகன் முன்வரவில்லை. முன்வராத மகனைக் குறைகூறவும் இயலாது. உவகை ஒன்றே ஒரு தொழிலைக் காக்கும் எனில், திண்டுக்கல்லின் பட்டறைகள் இன்றும் நிறைந்திருக்க வேண்டும்.

பெண்களின் நிலையையும் இங்கே எண்ண வேண்டும். சிற்றூரில் பிறந்து முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் ஒரு பெண்ணுக்கு ஊதியம் என்பது வெறும் பணம் அன்று. திருமணத்தைத் தள்ளிப்போடும் துணிவு அது. தாய்க்கு மருந்து வாங்கும் உரிமை அது. தன் சொல் வீட்டில் கேட்கப்படுவதற்குரிய தகுதி அது. அப்பெண்ணிடம் சென்று, பணத்தை நினையாதே, பிடித்ததைச் செய் என அறிவுரை கூறுதல், உண்டு முடித்தவர் பசித்தவர்க்கு நோன்பின் மேன்மையை ஓதுதல் போன்றது. அவள் ஊதியத்தை நாடித் தொழில் தேர்ந்தால் அத்தேர்வு மதிக்கத்தக்கது. அவளிடம் கேட்கத்தக்க வினா வேறு. ஊதியம் தரும் தொழில்கள் பலவற்றுள் உன் மனம் எதில் ஒட்டுகிறது என்பதே அது. அவ்வினாவைக் கேட்க ஆளில்லாமையே பெருங்குறை.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. உவந்து செய்பவரிடம் இலவசமாகவே வாங்கிப் பழகும் இயல்பு சமுதாயத்துக்கு உண்டு. கவியரங்கத்துக்கு அழைக்கப்படும் கவிஞர்க்கு வழிச்செலவும் கிட்டாமற்போகும் வழக்கத்தை இவ்வவை நன்கு அறியும். தமிழ்க் கணினியாளர்க்கும் அதுவே நேர்ந்தது. அவர்கள் ஆக்கியவற்றைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினர். ஆக்கியவர் பெயரைக் கேட்டறிந்தோர் சிலரே. ஒருவர் விரும்பிச் செய்கிறார் என்பதற்காக அவர்க்குரியதை மறுத்தல் முறையன்று. பெருஞ்சித்திரனார் கேட்டதும் இதனையே. அவர் வேண்டியது விலையன்று. அறிந்து தரும் மதிப்பு.

தேர்வுக்கு மூன்று வினாக்கள்

இச்சான்றுகளினின்று இளைஞர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படத்தக்க மூன்று வினாக்களைத் திரட்டலாம்.

முதலாவது, எவரும் ஏவாத பொழுதில் மனம் எங்கே செல்கிறது? பழைய வானொலியைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையும், கைப்பேசியின் செயலி எவ்வாறு இயங்குகிறது எனத் துருவும் பிள்ளையும் தம் துறையைத் தாமே காட்டிவிடுகின்றனர். மதிப்பெண் பட்டியலில் அது தெரிவதில்லை. வீட்டுத் திண்ணையில் தெரியும்.

இரண்டாவது, அத்துறையின் சலிப்பையும் தாங்க முடிகிறதா? உவகை என்பது எப்போதும் இனிப்பாக இருப்பதன்று. ஓர் எழுத்துருவுக்கு நூற்றுக்கணக்கான வடிவங்களை வளைவு வளைவாகச் செதுக்க வேண்டும். மெய்ப்புத் திருத்துவோர் ஒற்றுப்பிழை தேடி ஆயிரம் பக்கங்களைக் கடக்க வேண்டும். கவிதையின் முதலடி பிறக்கும் இன்பத்துக்காக, மீதி அடிகளின் உழைப்பைக் கவிஞர் ஏற்கின்றார். துறையின் வெளிப்பகட்டை விரும்புவோரும் துறையையே விரும்புவோரும் பிரியும் இடம் இதுவே.

மூன்றாவது, செய்ததைப் பிறர்க்குத் தரும் மனம் பிறக்கிறதா? கோவிந்தசாமியும் கல்யாணசுந்தரமும் உமர்தம்பியும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு நிலையில் வாழ்ந்தவர்கள். ஆயினும் ஆக்கியதைப் பகிர வேண்டும் என்ற விருப்பத்தில் மூவரும் ஒன்றுபட்டனர். ஊதியத்துக்காக மட்டும் செய்த பணி, ஊதியம் பெற்றதும் முடிந்துவிடும். உவந்து செய்த பணிக்குப் பிறரிடம் காட்டி மகிழும்வரை முடிவில்லை. பாட்டை எழுதிய கவிஞர் அதனைப் படித்துக்காட்ட ஆள் தேடுவதும் இவ்வியல்பினாலேயே.

இம்மூன்று வினாவுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், அத்துறை ஈராண்டு சந்தையில் தாழ்ந்திருப்பினும் அஞ்ச வேண்டுவதில்லை. விடை கிடையாதெனின், வயிற்றுக்கு ஒரு தொழிலும் உள்ளத்துக்கு ஒரு பணியும் எனப் பிரித்து வாழ்தலும் நல்ல வழியே. அறுவை வாணிகரும் கூலவாணிகரும் அவ்வழியில் நடந்தவர்கள். பெருந்தவறு ஒன்றே உண்டு: உள்ளத்துக்குரிய பணியைச் சம்பளத்துக்காக அடியோடு மறந்துவிடுதல்.

நிறைவாக

இன்று நத்தத்தில் இருந்து ஒரு கவிஞர் கைப்பேசியில் எழுதும் கவிதை, நொடிப்பொழுதில் யாழ்ப்பாணத்தையும் கோலாலம்பூரையும் டொராண்டோவையும் எழுத்துச் சிதையாமல் சென்றடைகிறது. அதன் ஒவ்வொரு கொம்பும் சுழியும் தத்தம் இடத்தில் நிற்பதற்குப் பின்னால், கூலி கேளாத பல இரவுகள் இருக்கின்றன. அந்த இரவுகளுக்கு இலக்கிய உலகம் பட்ட கடன் பெரிது.

அக்கடனைத் தீர்க்க இவ்வட்டத்தால் இயன்றது ஒன்று உண்டு. பத்தாண்டுகளில் இங்கே அரங்கேறிய கவிதைகள் பல குறிப்பேடுகளிலேயே தங்கியிருக்கும். ஊரில் கணினி பயிலும் மாணவரையும் மாணவியரையும் அழைத்து, அக்கவிதைகளைத் தட்டெழுதவும் மெய்ப்புத் திருத்தவும் எவரும் படிக்கத்தக்க மின்னூலாக்கவும் பழக்கலாம். அவர்க்குரிய சிறு தொகையை வட்டமே மகிழ்ந்து அளிக்கலாம். மூத்த கவிஞர் சந்தி பிரித்துக் காட்டுவர். இளைய பொறியாளர் எழுத்துருவின் இயல்பை விளக்குவர். அவர்களுள் ஒருவர்க்கேனும், கற்ற தொழில்நுட்பம் சம்பளச் சீட்டுக்கு அப்பாலும் இன்பம் தரவல்லது என்பது விளங்குமாயின், பதினோராம் ஆண்டின் தொடக்கம் பயனுடையதாகும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில், பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும் முன்னர் அதன் மனத்தைக் கேட்கும் பெற்றோர் இவ்வூரில் பெருகுக. இலக்கிய வட்டம் நூறாண்டு வளர்க.